ஆவலம்பட்டிக்கு ஸ்கோப் வந்தது

கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை காலையில், அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் அடங்காத நாளில், விருதுநகரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸின் பின்படிக்கட்டு வழியாக ஸ்கோப் ஆவலம்பட்டியில் இறங்கியது. கன்றுக்குட்டியைவிடப் பெரியது, கழுதையைவிடச் சிறியது, பைபாஸ் புழுதியின் நிறம், ஒட்டகத்துக்கென்று செய்ய ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டதைப் போன்ற கழுத்து, தரையைப் பார்த்துத் தொங்கும் காதுகள். கண்டக்டர் அதற்கு டிக்கெட் போடவில்லை. அது இறங்கி, வலதும் இடதும் பார்த்து, நாக்கை வெளியே நீட்டி, திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு, தெற்குத் தெருப் பக்கமாக நடந்தது.

"வந்துருச்சுய்யா," என்றார் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர்.

என்ன வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. அந்த ஊரில் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போதே பேச்சு தொடங்கிவிடும்: இந்தப் படிப்புக்கு ஸ்கோப் இருக்கு, அந்தப் படிப்புக்கு இருந்தது, போயிருச்சு, இன்னொன்றுக்கு இப்போ இல்லை, ஆனால் பிள்ளை படித்து முடிக்கும்போது கட்டாயம் வரும். கல்யாண வீட்டுப் பந்தியிலும், துட்டி வீட்டு நாற்காலியிலும், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டும் அதையே பேசினார்கள். இருக்கிறது, போகிறது, வருகிறது என்று ஒன்றைப் பற்றி ஓர் ஊரே இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தால், அது ஒருநாள் பஸ் ஏறி வராமல் வேறு என்ன செய்யும்?

முதலில் அது தெற்குத் தெருவில், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் படுத்தது. போஸ்ட் மாஸ்டரின் மகன் பெங்களூரில் டேட்டா சயின்ஸ் வேலையில் இருந்தான். ஊர் தலையை ஆட்டியது. டேட்டா சயின்ஸில் பிள்ளையைச் சேர்த்திருந்தவர்கள் தங்களுக்குள் இனிப்பு கொடுத்துக்கொண்டார்கள். சில நாள் கழித்து அது எழுந்து, மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் படுத்தது. அன்றைக்கே நர்சிங் கல்லூரி வாசலில் வரிசை நின்றது, டேட்டா சயின்ஸ்காரர்கள் மிச்ச இனிப்பை உள்ளே எடுத்து வைத்தார்கள். பிறகு அது ஒரு ஆடிட்டர் வீட்டுச் சுவரோரம் போனது. பிறகு மறுபடியும் போஸ்ட் மாஸ்டர் வீடு.

ஆவலம்பட்டி இதையெல்லாம் வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. கல்யாணத் தரகர் பால்ராசு ஜாதகப் பொருத்தங்களோடு ஸ்கோப் பொருத்தம் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்கும் அது படுத்த இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பெண் வீட்டாருக்கு நடந்து காட்டினார். 'ஸ்கோப் படுத்த தெருவில் வீடு வாடகைக்கு' என்று அட்டைகள் தொங்கின. பேரூராட்சி செயல் அலுவலர் அதை எந்தத் தலைப்பில் கொண்டுவருவது என்று மேலே கேட்டார். மேலே இருந்தவர்கள் கல்வித் துறையைக் கேட்கச் சொன்னார்கள். கல்வித் துறை கால்நடைத் துறையைக் கேட்கச் சொன்னது. கால்நடைத் துறை, அதற்குக் காதில் அடையாள வில்லை இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. பெண்கள் அதற்கு மாலை போட்டார்கள். ஆண்கள், கல்லூரிகள் தரும் விளம்பரப் புத்தகங்களை அதன் முன்னால் விரித்து வைத்தார்கள். அது ஒரு புத்தகத்தின் ஓரத்தை மென்று துப்பியது. துப்பியது கேட்டரிங் பக்கமா, ஏரோநாட்டிக்கல் பக்கமா என்பதில் இரண்டு குடும்பங்கள் இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கின்றன.

பைபாஸ் ரோட்டில் இன்ஜினியரிங் கல்லூரி நடத்தும் தாளாளர் தங்கமாரியப்பன் மேளதாளத்தோடு வந்து அதைத் தன் வளாகத்துக்கு அழைத்துப் போனார். பூக்கோலம் போட்ட கருத்தரங்கக் கூடத்துக்குள் அது நுழையாமல், கூடத்தின் பின்பக்கம் போய்ச் சுவரோரமாகப் படுத்துக்கொண்டது.

"பின்னாடி படுத்தா என்னய்யா, நம்ம காம்பவுண்டுக்குள்ளதான படுத்திருக்கு," என்றார் தாளாளர். "முன்னாடி தெரியிற மாதிரி போட்டோ எடு."

அது எங்கே படுக்கிறது என்பதை ஊர் முழுக்கப் பார்த்தது. அது எப்படி இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்த ஒரே ஆள் மகிழா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் சௌந்தரபாண்டியின் மகள், ப்ளஸ் டூ முடித்தவள். அவளுக்கு விருதுநகர்ப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். விலங்கியல் என்ற சொல்லையே ஆவலம்பட்டி மறந்து வெகு காலம் ஆகியிருந்தது. உள்ளூர்க் கலைக் கல்லூரியில் அந்தத் துறையை மூடியபோது அங்கே இருந்த முயல் எலும்புக்கூடு முதல்வர் அறைக்கு வந்து, காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க உதவிக்கொண்டிருந்தது.

சௌந்தரபாண்டியின் வீடு ஸ்கோப்பை நம்பிய வீடு. அவர் படித்தது பி.எஸ்சி. எலெக்ட்ரானிக்ஸ், அதற்கு ஸ்கோப் இருந்த கடைசி வருசத்துக்கு அடுத்த வருசம். இப்போது ஊரார் பெயருக்குப் பின்னால் பட்டங்களை அச்சடிக்கிறார். கல்யாண ஃப்ளெக்ஸில் எந்தப் பட்டத்துக்கு எத்தனை புள்ளி வைக்க வேண்டும் என்று பார்க்காமலே சொல்வார். அவர் மனைவி சித்ராதேவி எம்.ஏ., பி.எட்., அந்தக் காலத்தில் பி.எட்.டுக்கு இருந்த ஸ்கோப்பில் படித்தவள், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை நேர்த்திக்கடன்போலத் தவறாமல் புதுப்பிப்பவள். மகன் நவநீதன் பி.இ. சிவில், பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். "கட்டடம் கட்டுறதுக்குப் படிச்சேன், இப்ப கட்டுன கட்டடத்துல மூணாவது மாடி எங்கிட்டு இருக்குன்னு தேடுறேன்," என்பான். அவனுக்கு இதில் வருத்தம் இருந்ததா என்று தெரியாது. அவன் கேலி பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

"ஜுவாலஜி படிச்சு என்னம்மா செய்வ?" என்றார் சௌந்தரபாண்டி. "தவளைய அறுப்பியா?"

"இப்பல்லாம் தவளைய அறுக்கக் கூடாதுப்பா. நிப்பாட்டிட்டாங்க."

"பாத்தியா, அந்த வேலையும் போச்சு."

"அம்மா, நீயாவது சொல்லும்மா."

"என்னைய எதுக்கு இழுக்குற?" என்றாள் சித்ராதேவி, வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல். "நான் இன்னும் வெயிட்டிங்ல இருக்கேன்."

"நாஞ் சொல்லல, ஸ்கோப் சொல்லுது," என்றார் அப்பா. "இத்தனை வீட்டு முன்னாடி படுத்துச்சே, ஜுவாலஜிக்காரன் வீட்டு முன்னாடி ஒரு நாளாவது படுத்துச்சா?"

"நம்ம ஊர்ல ஜுவாலஜி படிச்ச ஆளே இல்லையேப்பா. யார் வீட்டு முன்னாடி படுக்கும்?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

தாளாளர் தன் கல்லூரியில் மகிழாவுக்காக ஒரு டேட்டா சயின்ஸ் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். கல்லூரிக்கு ஃப்ளெக்ஸ் எல்லாம் சௌந்தரபாண்டிதான் அடித்துக் கொடுப்பவர், அந்தப் பழக்கம். அதுவும் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். மகள் அழவில்லை, சாப்பிடாமலும் இருக்கவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க, நடக்காது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லி முடித்துவிட நினைத்தார் அவர். "சரி. வெள்ளிக்கிழமை விடியிறதுக்குள்ள ஸ்கோப் நம்ம வாசல்ல வந்து படுத்துச்சுன்னா ஜுவாலஜி. படுக்கலைன்னா, ஒரு வார்த்தை பேசாம டேட்டா சயின்ஸ்."

மறுநாள் முழுவதும் மகிழா அண்ணனின் பார்சல் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஸ்கோப் படுத்த இடங்களுக்கெல்லாம் போனாள். அது தாளாளர் வளாகத்தை விட்டு வந்து, நர்ஸ் வீட்டுச் சுவரோரம் கிடந்தது. கும்பிட வந்தவர்கள் போகும்வரை அவள் எதிர்ப்பக்கத்தில் நின்றாள். பிறகு கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. சாணம் உருண்டை உருண்டையாகக் காய்ந்து கிடந்தது. பெண் விலங்கு. காலில் மூன்று விரல்கள். ஆள் அரவம் அடங்கியதும் அது கழுத்தை நீட்டி, தலைக்கு மேலே இருந்த ஏ.சி. பெட்டியிலிருந்து சுவரில் வழிந்த ஈரத்தை மெதுவாக நக்கியது.

போஸ்ட் மாஸ்டர் வீட்டுச் சந்திலும் ஏ.சி. தண்ணீர் சொட்டியது. ஆடிட்டர் வீட்டிலும். தாளாளரின் கருத்தரங்கக் கூடத்துக்குப் பின்னால் வரிசையாகச் சொட்டியது.

"அண்ணே, இது சம்பளத்தத் தேடிப் போகல. தண்ணியத் தேடிப் போகுது."

"ரெண்டும் ஒண்ணுதான பாப்பா," என்றான் நவநீதன். "ஏ.சி. யார் வீட்ல இருக்கு?"

"அதுக்குத் தாகம்ண்ணே. வந்ததுலருந்து மாலையாப் போடுறாங்க, ஒருத்தரும் ஒரு வாளி தண்ணி வைக்கல."

நவநீதன் அதையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தான். நர்ஸ் வீட்டிலிருந்து தங்கள் வீடுவரை பார்வையாலேயே அளந்தான். "நேராக் கொண்டுவர முடியாது. ரோடு நடுவுல மேடு. ரேஷன் கடைகிட்ட வளைச்சு, பள்ளிக்கூடச் சுவர ஒட்டிவிட்டா, நம்ம வாசலுக்கு வாட்டம் இருக்கு," என்றான். நாலு வருசம் படித்து, மூன்று பேப்பரில் அரியர் வைத்துத் திரும்ப எழுதிப் பாஸ் செய்த அவனுடைய சிவில் படிப்பு, அன்றைக்குத்தான் முதல்முறையாக வேலைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை கோழி கூப்பிடும் நேரத்தில் அண்ணனும் தங்கையும் நர்ஸ் வீட்டுத் தெருமுனைக் குழாயில் ரப்பர் ஓஸ் பைப்பைப் பூட்டி, தெருவோரமாக ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீரை ஓடவிட்டார்கள். அது அவன் சொன்ன இடத்தில் வளைந்து, அவன் சொன்ன சுவரை ஒட்டி வந்து, அவர்கள் வாசலில் வைத்திருந்த பெரிய அலுமினியக் குண்டாவின் அடியில் தேங்கி நின்றது. ஸ்கோப் அந்த ஈரத்தை முகர்ந்துகொண்டே வந்தது, குண்டாவைக் கண்டது, தலையை உள்ளே விட்டது, ஊருக்கு வந்ததிலிருந்து தவித்த தவிப்பையெல்லாம் குடித்துத் தீர்த்தது, பின்பு அங்கேயே கால்களை மடக்கிப் படுத்தது. மகிழா காலிக் குண்டாவை உள்ளே எடுத்துப் போய்க் கவிழ்த்து வைத்தாள்.

சௌந்தரபாண்டி பல் தேய்க்கும் பிரஷோடு கதவைத் திறந்தபோது வாசலில் பாதி ஊர் நின்றது.

"அண்ணாச்சி," என்றார் தரகர் பால்ராசு, குரலில் இதுவரை இல்லாத மரியாதையோடு, "உங்க வீட்ல பாப்பா என்ன படிக்கப் போகுது?"

சௌந்தரபாண்டி ஸ்கோப்பைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாயிலிருந்த நுரையை விழுங்கினார்.

"ஜுவாலஜி," என்றார். "நான் அப்பவே சொன்னேன். யாரு கேட்டா?"

அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். திரும்பி வந்த கையோடு, கடையில் இருந்ததிலேயே நல்ல துணியை எடுத்து, மூன்று வருசத்துக்கு வெளுக்காத மையில், மகிழாவின் படத்தையும் ஒரு புலியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஜங்ஷனில் கட்டினார். 'பி.எஸ்சி. விலங்கியல்' என்ற எழுத்து மகளின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. பட்டம் வாங்க இன்னும் மூன்று வருசம் இருப்பது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம். தாளாளர் 'விலங்கியல் வித் ஏஐ' என்று புதிய படிப்பு தொடங்கினார். முயல் எலும்புக்கூட்டைக் கேட்டு ஆள் அனுப்பினார். நர்சிங்கில் சேர்ந்த பிள்ளைகளை வெளியே எடுத்தார்கள். பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறி நிற்கும் பையன்களுக்கெல்லாம் விலங்கியல் விண்ணப்பம் வாங்கினார்கள். வெளிநாட்டில் யானைக்கு ஆள் தேவைப்படுவதாகப் பேச்சு அடிபட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ஹேமப்பிரியா துணி காயப்போடும் இடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். அவள் மகிழாவோடு படித்தவள், வணிகவியல் பிரிவு. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் தூங்காமல் உட்கார்ந்து கண்டுபிடிப்பவள். பி.காம். என்று கேட்டிருந்தாள்.

"நீ படிக்கிறதையே படிக்கணுமாம் மகி. நாளைக்குத் தாளாளர் காலேஜ்ல சேக்குறாங்க. கரப்பான் பூச்சியப் பாத்தாலே எனக்கு மயக்கம் வரும்."

மகிழா கொடியில் கிடந்த துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா டி.சி.யை வாங்கி வரச் சொல்வார். டேட்டா சயின்ஸ் இடத்தைத் தாளாளர் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று நேற்றுத்தான் சொல்லியனுப்பியிருந்தார். ஸ்கோப் அப்போது வாசலில் படுத்திருந்தது. அதன் கழுத்தில் புதிதாக ஒரு மாலை, மாலையில் ஒரு ரப்பர் பல்லி.

அவள் ஹேமப்பிரியாவின் அம்மாவிடம் போனாள். "அத்தை, அது படிப்பப் பாத்து வரல. நாங்க தண்ணி வச்சோம், அதான் வந்துச்சு. நீங்களும் ஒரு பாத்திரம் வைங்க, உங்க வாசலுக்கும் வரும்."

"என்னடி சொல்ற?"

"வச்சுப் பாருங்க அத்தை."

வைத்தார்கள். வந்தது. குடித்துவிட்டுப் படுத்தது. ஹேமப்பிரியா பி.காம். சேர்ந்தாள். அவளுடைய அம்மா விஷயத்தைத் தன் தங்கையிடம் மட்டும் சொன்னாள், யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள், எனவே அந்த வாரத்துக்குள் ஆவலம்பட்டியில் வாசலில் தண்ணீர்ப் பாத்திரம் இல்லாத வீடே இல்லை. ஸ்கோப் ஒவ்வொரு வாசலாகக் குடித்துக்கொண்டே போனது. வரலாறு படித்தவன் வாசலில் படுத்தது, தமிழ் படித்தவள் வாசலில் படுத்தது, பாலிடெக்னிக் வாசலில் படுத்தது, எட்டாம் வகுப்பில் நின்றுபோய் இறைச்சிக் கடை வைத்திருப்பவர் வாசலில்கூட ஒரு மதியம் முழுக்கப் படுத்தது. உதடு ஆறியது. உடம்பு மினுமினுத்தது. காதுகள் நிமிர்ந்தன.

இதைக் கண்டு ஊர் மகிழ்ந்திருக்கலாம். முதலில் குழம்பியது. பிறகு முகம் சுளித்தது.

"எல்லார் வீட்லயும் படுத்தா அது ஸ்கோப்பாண்ணே?" என்றார் பால்ராசு டீக்கடையில். "எங்க வீட்ல இருக்கணும், எதிர் வீட்ல இருக்கக் கூடாது. அதுக்குப் பேருதான் ஸ்கோப்பு. இது மாடு."

அப்படித்தான் முடிவாயிற்று. செயல் அலுவலருக்கு ஒருவழியாகத் தலைப்பு கிடைத்தது: தெருவில் திரியும் கால்நடை. பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்தார்கள். மாலை நின்றது. 'ஸ்கோப் படுத்த தெரு' அட்டைகளை ஆளுக்கு முந்திக் கழற்றினார்கள்.

மகள் தண்ணீர் வைத்த செய்தி சௌந்தரபாண்டிக்கு வந்து சேர்ந்தபோது அவர் ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸை மடித்துக்கொண்டிருந்தார். அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"குண்டா வச்சது நீதானா?"

"ஆமாப்பா."

"நாளைக்குப் போய் டி.சி.ய வாங்கிட்டு வா. பெத்த தகப்பனையே ஏமாத்தியிருக்க."

"ஏமாத்தலப்பா. வந்து படுத்தாச் சேத்துவிடுறேன்னு சொன்னீங்க. அது வந்து படுத்துச்சு."

"தண்ணி வச்சு வரவச்சது கணக்குல வராது!"

"தாளாளர் காலேஜுக்கு மட்டும் என்ன வச்சு வரவச்சாங்களாம், மேளம் வச்சுத்தான," என்றான் நவநீதன் வாசலில் இருந்து.

"நீ வாய மூடுறா."

மகிழா கல்லூரிப் பையை எடுத்து மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த சித்ராதேவி, இத்தனை வருசமும் இந்தப் பேச்சில் சேராமல் இருந்தவள், அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்குங்க. தாராளமா வாங்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஜங்ஷன்ல போய் அந்த ஃப்ளெக்ஸைக் கழட்டிட்டு வாங்க. பட்டப்பகல்ல, ஏணி போட்டு, எல்லாரும் பாக்க. பால்ராசண்ணன் கீழ நின்னு என்ன ஏதுன்னு கேப்பாரு, பதில் சொல்லிக்கிட்டே கழட்டுங்க."

சௌந்தரபாண்டி உட்கார்ந்தார். ஊரில் யார் யாருடைய பட்டங்களையோ அச்சடித்துக் கட்டியவர் அவர். கட்டிய ஒன்றைக் காலத்துக்கு முன்னால் கழற்றியதாக அவர் தொழிலில் சரித்திரம் இல்லை.

"நல்ல துணியில வேற போட்டுட்டேன்," என்றார் கடைசியில். "மூணு வருசம் தாங்கும்."

விலங்கியலும் மூன்று வருசம்தான். டி.சி. பேச்சு அதோடு முடிந்தது. சாப்பிடும்போது மட்டும் அவர் மெல்லக் கேட்டார், "அப்ப அது வெறும் மாடுதானாம்மா?"

"மாடு இல்லப்பா. அசை போடல. குளம்பும் இல்ல, விரல் இருக்கு. என்னன்னு படிச்சாத்தான் தெரியும்."

திங்கட்கிழமை காலையில் மகிழா கல்லூரிக்குப் புறப்பட்டபோது பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். புது ஸ்கோப் வருவதாகச் செய்தி கிடைத்திருந்தது, இந்த முறை சந்தேகமே இல்லையாம், செமிகண்டக்டர் என்றார்கள். தாளாளர் மேளக்காரர்களோடு வந்திருந்தார். பால்ராசு முன்வரிசையில் இருந்தார். பழைய ஸ்கோப் குடிதண்ணீர்க் குழாயடியில் சொட்டுவதைக் குடித்துவிட்டு, தனக்குப் பழக்கமான ஒரே முகத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தது.

"ஏய், யாருய்யா இத உள்ள விட்டது?" என்று ஒருவர் சுருட்டிய கல்லூரிப் புத்தகத்தால் அதன் முதுகில் அடித்தார். "ஸ்கோப் வர்ற நேரத்துல மாடு குறுக்க நிக்குது!"

பஸ் வந்தது. மேளம் முழங்கியது. ஊர் முழுக்கப் பின்படிக்கட்டைச் சூழ்ந்துகொண்டு, இறங்கும் ஒவ்வொரு காலாகப் பார்த்தது. மகிழா முன்படிக்கட்டில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் அதுவும் ஏறி, அவள் இருக்கைக்குப் பக்கத்தில் கழுத்தை மடக்கி நின்றது. திரும்பிப் போகும் பஸ்ஸில் வேறு யாரும் இல்லை.

கண்டக்டர் அவளுக்கு மகளிர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார். போன முறை டிக்கெட் போடாமல் விட்டது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆவலம்பட்டியில் அத்தனை நாளும் ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"இது ஆணாம்மா, பொண்ணா?"

"பொண்ணுண்ணே."

அவர் இன்னொரு இலவச டிக்கெட்டைக் கிழித்தார்.